தாய் வரும்வரை தாயாக

வயிற்றில் ஒட்டியிருக்கும் பையை மாற்றுவதற்காகப் போர்வையை விலக்கும்போது, குழந்தை தன் வயிற்றைப் பார்ப்பதில்லை. மாற்ற வந்தவரின் முகத்தைத்தான் பார்க்கிறது. அதில் ஒரு சுளிப்பு தெரிகிறதா, மூச்சு சட்டென்று அடங்குகிறதா, கண்கள் வேறு பக்கம் நழுவுகின்றனவா என்று தேடுகிறது. பேச்சு வராத பிள்ளையும் தேடும். மீசை அரும்பும் பையனும் தேடுவான். தன் உடம்பை இனி எப்படி எண்ணிக்கொள்வது என்பதை அந்த முகத்தைப் பார்த்துத்தான் அது முடிவு செய்யப் போகிறது.

இனிக் குணமாக்க வழியில்லை என்று மருத்துவம் சொல்லிவிட்ட குழந்தைகளின் அருகில் நின்று பணிசெய்யும் செவிலியர்களை நினைக்கும்போதெல்லாம், கருணை என்ற குணத்தைப் பற்றிக் கேட்டதும் படித்ததும் எனக்குத் தெளிவாகின்றன. அந்தக் கருணைக்கு ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் மென்துணியும் ஒரு சிறு கத்தரிக்கோலும் போதும்.

குடல் தன் இயல்பான வழியில் கழிவை வெளியேற்ற முடியாதபோது, அறுவை மருத்துவர் வயிற்றுச் சுவரில் ஒரு திறப்பை ஏற்படுத்தி, குடலின் ஒரு பகுதியை வெளியே கொண்டுவந்து தோலோடு தைக்கிறார். பெருங்குடலில் அமைத்தால் கொலாஸ்டமி. சிறுகுடலின் கடைப்பகுதியில் அமைத்தால் இலியாஸ்டமி. சிறுநீர் வெளியேறவும் இப்படி ஒரு வழி அமைப்பதுண்டு. அந்தத் திறப்புக்கு ஸ்டோமா என்று பெயர். அதன் வழியே வரும் கழிவு, அதைச் சுற்றி ஒட்டிய பையில் சேரும். ஆசனவாய் உருவாகாமல் பிறந்த குழந்தைக்கும், குடலின் ஒரு பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் பிறக்கும் ஹிர்ஷ்ஸ்பிரங் நோயுள்ள குழந்தைக்கும் இதைச் செய்தால், பெரும்பாலும் பிறகு ஒரு நாள் மூடிவிடுவார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அந்த நாள் வருவதில்லை. இடுப்புக்குள் வளர்ந்த புற்றுக்கட்டி குடலை நெரிக்கிறது. வயிறு உப்பி, வாந்தியெடுத்துத் துவளும் பிள்ளைக்கு அப்போது செய்யும் அறுவை நோயைத் தீர்க்காது. இருக்கும் நாட்களில் வலி குறைந்து, ஒரு வாய் கஞ்சி உள்ளே இறங்கினால், அதற்காகவே அது செய்யப்பட்டது.

ஆரோக்கியமான ஸ்டோமா, உதட்டின் உட்புறத்தைப் போல் சிவந்து ஈரமாக இருக்கும். துடைக்கும்போது துளி இரத்தம் கசியலாம். ஆனால் அதில் வலியை உணரும் நரம்புகள் இல்லை, தொட்டால் வலிப்பதில்லை. வலியெல்லாம் அதைச் சுற்றியுள்ள தோலில்தான். சிறுகுடலிலிருந்து வரும் நீர்த்த கழிவில் செரிமான நீர்கள் கலந்திருப்பதால், அது தோலில் பட்டுச் சில மணி நேரம் நின்றாலே வெந்ததுபோல் சிவந்து உரிந்துவிடும். ஆகவே ஸ்டோமாவைப் பராமரிப்பது என்பது பெரும்பகுதி அந்தத் தோலைக் காப்பதுதான்.

அந்த வேலையை அருகிலிருந்து பார்த்தால் அதன் நிதானம் மனத்தில் பதியும். பை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் நிறையும்போதே காலி செய்கிறார்கள். இன்னும் கனத்தால் அது இழுத்துத் தோலைவிட்டுப் பெயரும். பழைய பையை வெடுக்கென்று உரிப்பதில்லை. ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, மறு கையால் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல விடுவிக்கிறார்கள். வெறும் வெதுவெதுப்பான நீர் போதும். வாசனைச் சோப்பு வேண்டாம். தேய்க்காமல் ஒற்றி எடுக்கிறார்கள். பாசத்தோடு அம்மா தடவும் தேங்காய் எண்ணெயையும் பவுடரையும் அங்கே மட்டும் தவிர்க்கச் சொல்கிறார்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் பை பிடிக்காது. பிறகு ஸ்டோமாவை அளந்து, அதைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக, பையின் ஒட்டும் தகட்டில் துளை வெட்டுகிறார்கள். துளை பெரிதானால் தோல் வேகும். சிறிதானால் ஸ்டோமா நெரிபடும். அந்தத் தகட்டைத் தம் உள்ளங்கைச் சூட்டில் சற்று நேரம் வைத்து இளக்கி, வயிற்றில் பொருத்துகிறார்கள். கடைசியாக, அது நன்றாக ஒட்டுவதற்காகக் கையை அதன்மேல் லேசாக அழுத்திக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் எந்தச் சாமானும் எடுக்க வேண்டியதில்லை. எதையும் துடைக்க வேண்டியதில்லை. ஒரு கை, ஒரு வயிறு, இரண்டுக்கும் நடுவே சூடு. தியானம் என்று தனியாக எதையும் செய்ய நேரம் கிடைக்காத செவிலியருக்கு இந்த நிமிடங்கள் வாய்க்கின்றன. மந்திரம் தெரிந்தவர்கள் மனத்துக்குள் சொல்லலாம். தெரியாதவர்கள் குழந்தையின் மூச்சைக் கவனிக்கலாம். வயிறு ஏறி இறங்குவது கைக்குத் தெரியும். ஒரு உயிர் இன்னும் இங்கே இருக்கிறது என்பதை உள்ளங்கையால் அறிவது சிறிய விஷயமில்லை.

உடம்பைப் பற்றி நம் ஆன்மிக மரபில் இரண்டு குரல்கள் நெடுங்காலமாக ஒலிக்கின்றன. ஒரு குரல் இந்த உடம்பை மலமும் சீழும் அடைத்த பை என்று பழித்து, பற்றை அறுக்கச் சொன்னது. இளமையின் செருக்கில் திளைப்பவனுக்கு அது மருந்து. நோயில் கிடக்கும் குழந்தையின் காதில் அது விழக்கூடாது. தன் வயிற்றில் உண்மையாகவே ஒரு பையைச் சுமக்கும் பிள்ளைக்கு, உடம்பின் இழிவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இன்னொரு குரல் திருமூலருடையது. உடம்பை முன்பு குறையாக நினைத்திருந்ததையும், அதற்குள்ளேயே பரம்பொருள் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதையும் திருமந்திரத்தில் அவர் சொல்லியிருக்கிறார். நோயுற்ற உடம்புக்கு அந்தக் கோயில் தன்மை குறைந்துவிடும் என்று அவர் எங்கும் விலக்கு வைக்கவில்லை. சுவரில் புதிதாக ஒரு வாசல் வைத்ததால் கருவறையில் இருப்பவர் வெளியேறிவிடுவதில்லை.

இந்தக் கண்ணோட்டத்தோடு மருத்துவ உலகமும் தன் வழியில் வந்து சேர்ந்தது. குழந்தைகளுக்கான பாலியேட்டிவ் கேர், அதாவது நோய் ஆதரவுச் சிகிச்சை, என்றால் என்ன என்பதை உலக சுகாதார நிறுவனம் 1998-ல் வரையறுத்தபோது, உடல், மனம், ஆன்மா மூன்றையும் சேர்த்துப் பேணுவது என்றே சொன்னது. நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே அது தொடங்க வேண்டும். நோயை எதிர்க்கும் சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர வேண்டும். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன், 1982-ல், குழந்தைகளுக்கான முதல் ஹாஸ்பிஸ், அதாவது நோய் ஆதரவு இல்லம், ஆக்ஸ்ஃபோர்டில் ‘ஹெலன் ஹவுஸ்’ என்ற பெயரில் திறக்கப்பட்டது. செவிலியராகப் பயின்ற ஓர் ஆங்கிலிக்கன் கன்னியாஸ்திரியும், கடும் நோயுற்ற ஒரு சிறுமியின் பெற்றோரும் கொண்ட நட்பில் பிறந்த இல்லம் அது. பெற்றோர் சற்று ஓய்வெடுக்கட்டும் என்று அந்தச் சிறுமியை அவ்வப்போது தம் மடத்துக்கு அழைத்துவந்து பார்த்துக்கொண்டார் அந்தச் சகோதரி. திட்டம், கட்டிடம், நிதி எல்லாம் பிறகு வந்தன. முதலில் வந்தது, களைத்த ஒரு தாயின் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்ட இன்னொரு கை.

குழந்தையின் வயிற்றில் ஒட்டும் அந்தப் பைக்கும் இதேபோல் ஒரு பிறப்பு உண்டு. எலிஸே சோரென்சன் என்ற டென்மார்க் நாட்டுச் செவிலியரின் தங்கை தோராவுக்கு வயிற்றில் திறப்பு வைத்தார்கள். கசிந்துவிடுமோ என்று அஞ்சி அவர் வெளியே செல்வதையே விட்டுவிட்டார். தங்கையின் அந்த ஒடுக்கத்தைப் பொறுக்க முடியாமல், தோலில் ஒட்டக்கூடிய பை ஒன்றை 1954-ல் எலிஸே யோசித்தார். ஓக லூயிஸ்-ஹான்சன் என்ற பிளாஸ்டிக் உற்பத்தியாளர் அதைச் செய்துகொடுக்க முதலில் தயங்கினார். செவிலியரான அவருடைய மனைவி யோஹான்னே, அதன் அருமையை உணர்ந்து கணவரை இணங்கவைத்தார். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நார்மா கில் என்ற பெண், தமக்கே இலியாஸ்டமி செய்யப்பட்டு மீண்டவர், 1958-ல் தம் அறுவை மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல்லோடு சேர்ந்து பிற நோயாளிகளுக்கு ஸ்டோமாப் பராமரிப்பைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். இந்தப் பராமரிப்புக்கென்றே ஒரு தனிச் செவிலியர் துறை அங்கிருந்து வளர்ந்தது. தன் வீட்டில் பட்ட துயரத்தை ஊருக்கெல்லாம் பயனாக்கியவர்கள் இவர்கள். துன்பம் எதற்காக வருகிறது என்று இவர்கள் விளக்கம் சொல்லவில்லை. வந்த துன்பத்திலிருந்து பிறருக்கு என்ன செய்ய முடியும் என்று பார்த்தார்கள்.

டர்ன்புல் தோலைக் காக்கக் கண்டெடுத்த பொருள் கராயா பிசின். நம் நாட்டின் வறண்ட காடுகளில், ஆந்திரத்தின் மலைகளிலும் மத்திய இந்தியாவிலும் வளரும் ஒரு மரத்திலிருந்து பழங்குடி மக்கள் சேகரிப்பது அது. பட்டையில் காயம் பட்டால், அந்த மரம் பிசினை வடிக்கிறது. ஈரத்தை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் அந்தப் பிசின், கடல் தாண்டிப் போய், மனித வயிற்றின் வெந்த தோலுக்குக் காப்பாக அமைந்தது. இன்று பெரும்பாலும் அதன் இடத்தில் வேறு கலவைகள் வந்துவிட்டன. ஆனாலும் ஒரு மரத்தின் காயத்திலிருந்து வடிந்தது இன்னோர் உயிரின் காயத்தை ஆற்றியது என்பதை எண்ணும்போது மனம் கைகூப்புகிறது.

குழந்தைகளின் துயரம் ஒரே அளவில் வெட்டிய சட்டை போன்றதில்லை. கைக்குழந்தைக்கு வேண்டியது சூடும் பழகிய குரலும். மூன்று நான்கு வயதுக்காரருக்கு இது தண்டனையோ என்ற பயம் இருக்கும். ஒரு பொம்மையின் வயிற்றிலும் பையை ஒட்டிக் காட்டினால் அந்தப் பயம் கொஞ்சம் இளகும். பள்ளி வயதுப் பிள்ளைகள் தாங்களே ஓரத்தை உரிக்க விரும்புவார்கள். உரிக்க விட வேண்டும். ஸ்டோமாவுக்குச் செல்லப் பெயர் வைத்து அழைக்கும் பிள்ளைகளும் உண்டு. வயதுக்கு வந்த பெண்ணும் வளர்ந்த பையனும் எல்லாவற்றையும்விட மறைவைக் கேட்பார்கள். திரையை இழுத்துவிட்டு, “இப்போ மாத்தலாமா? இல்ல, கொஞ்ச நேரம் கழிச்சா? யார் கூட இருக்கணும்?” என்று கேட்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. நோய் அந்தப் பிள்ளையிடமிருந்து ஏறக்குறைய எல்லாத் தேர்வுகளையும் பறித்துவிட்டது. மிச்சமிருக்கும் சின்னச் சின்னத் தேர்வுகளை அதன் கையிலேயே திருப்பிக் கொடுப்பது, அதனுள் இருக்கும் ஆன்மாவை மதிப்பதாகும்.

வார்டில் மற்ற பிள்ளைகளுக்குத் திறப்பை மூடி வீட்டுக்கு அனுப்புவதைப் பார்த்துவிட்டு, “அக்கா, எனக்கு எப்ப மூடுவாங்க?” என்று ஒரு குழந்தை கேட்கும். பொய் சொல்லித் தப்பித்துவிடலாம். பலரும் அன்பினால்தான் பொய் சொல்கிறார்கள். அனுபவமுள்ள செவிலியர் கட்டிலின் ஓரத்தில் உட்காருவார். “இது உனக்கு வயிறு உப்பி வலிக்காம இருக்கறதுக்காக வச்சது, கண்ணு. இது இருக்கட்டும். வேற எதுவும் பயமா இருக்கா, சொல்லு” என்பார். பிறகு பேசாமல் காத்திருப்பார். குழந்தை கேட்க நினைப்பது இன்னும் ஆழத்தில் இருக்கும். அது வெளிவர இந்த மௌனம் வேண்டும்.

பெற்றோரின் கேள்வி வேறு. “நாங்க என்ன பாவம் பண்ணோம் சிஸ்டர்?” என்ற கேள்வி நம் ஊர் வார்டுகளில் மருந்து வாடையோடு கலந்தே இருக்கிறது. வினைப்பயன் என்ற கொள்கை, ஒருவர் தம் செயல்களுக்குத் தாமே பொறுப்பேற்பதற்காக உண்டானது. துடிக்கும் குழந்தையின் தலைமாட்டில் நின்று பிறர் அதைச் சொல்வது கொடுமை. இந்தத் தாயின் மேல் குற்றம் சுமத்த எந்தத் தெய்வமும் யாரையும் நியமிக்கவில்லை. “உங்க மேல ஒரு தப்பும் இல்லைம்மா. நீங்க நல்லாத்தான் பாத்துக்கிறீங்க” என்ற இரண்டு வாக்கியங்கள் அந்த நேரத்துக்குப் போதுமான ஞானம்.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் இருக்கும் தாயுமானவரின் கதை தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். இரத்தினாவதி என்ற வணிகர் குலத்துப் பெண் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கிறாள். துணைக்கு வர வேண்டிய தாய், காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையில் நின்றுவிடுகிறாள். வலி கண்டுவிடுகிறது. அப்போது சிவனே அந்தத் தாயின் உருவத்தில் வந்து பேறு பார்க்கிறார். வெள்ளம் வடியும்வரை கூடவே இருந்து தாயையும் சேயையும் பேணுகிறார். இன்றும் கருவுற்ற பெண்களுக்காக அங்கே வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள்.

இந்தக் கதையில் என் மனம் நிற்கும் இடம் ஒன்று உண்டு. பேறு பார்ப்பதென்றால் இரத்தத்திலும் நீரிலும் கை நனைவது. துணிகளை அலசுவது. இரவில் பல முறை எழுவது. எல்லாம் வல்ல இறைவன் ஒரு சொல்லால் வெள்ளத்தை வடியச் செய்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், கை நனையும் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டதாக நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். அருவருப்பு என்பது இறைமைக்குக் கிடையாது என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. ஸ்டோமாப் பையைக் காலி செய்யும் கை, அந்தக் கையின் வழித்தோன்றல்.

கதையின் முடிவிலும் ஒரு போதனை இருக்கிறது. உண்மையான தாய் வந்து சேர்ந்ததும் வந்திருந்தவர் மறைந்துவிடுகிறார். எத்தனை அன்போடு பார்த்துக்கொண்டாலும் அந்த இடம் தன்னுடையது என்று உரிமை கொண்டாடவில்லை. செவிலியரின் பணியில் மிகக் கடினமான பகுதியும் இதுதான். முதல் நாள் அம்மா எட்டி நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். அவளைக் கடிந்துகொள்ளாமல், முதலில் நீர்க்கிண்ணத்தைப் பிடிக்கச் சொல்வார்கள். மறுமுறை துணியைக் கொடுப்பார்கள். பிறகு அவள் கைமேல் தம் கையை வைத்து வெட்டவும் ஒட்டவும் பழக்குவார்கள். ஒரு நாள் அவள் தானே செய்துமுடித்து நிமிர்வாள். வேறு சில நாட்களில் செவிலியர் அந்த வேலை முழுவதையும் தாமே வாங்கிக்கொண்டு, “நீங்க தலைப்பக்கம் வந்து மடியில வச்சுக்கோங்கம்மா” என்பார். வேலைக்காரியாகவே தேய்ந்துபோன அவள், அந்த நேரம் மீண்டும் அம்மாவாக இருக்கலாம். தாயாக நிற்பது எப்போது, தாய்க்கு இடம்விட்டு விலகுவது எப்போது என்று அறிவதே இந்தச் சேவையின் விவேகம்.

இறுதி நாட்களில் இந்த வேலை தானாகவே குறைகிறது. குழந்தை உண்பதும் குடிப்பதும் குறையக் குறைய, பையில் சேர்வதும் குறைகிறது. சிவந்திருந்த ஸ்டோமா வெளிறலாம். பை கசியாமல் இருந்தால், வழக்கப்படி மாற்றும் நாள் வந்துவிட்டது என்பதற்காகக் குழந்தையை அசைக்க வேண்டியதில்லை. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், வலி மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை பொறுத்திருந்து செய்கிறார்கள். நீண்ட நேரம் கரையும்படி செய்த மாத்திரைகள் இலியாஸ்டமி உள்ள குழந்தையின் குடலில் முழுவதும் உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடக்கூடும் என்பதால், சிரப்பாகவோ வேறு வழியிலோ கொடுப்பதை யோசிக்கிறார்கள். மார்ஃபின் மலத்தை இறுக்கும் என்பதையும் கவனத்தில் வைத்திருக்கிறார்கள். இத்தனை காலம் செய்யக் கற்றுக்கொண்ட கைகள், இப்போது செய்யாமலிருக்கக் கற்றுக்கொள்கின்றன. பற்றின்மை என்று ஞான நூல்கள் சொல்வதை இந்தக் கட்டிலருகே விளங்கிக்கொள்ளலாம். கவனம் துளியும் குறையாமல், பிடி மட்டும் தளர்வது அது.

உயிர் பிரிந்த பிறகும் பராமரிப்பு ஒரு முறை மிச்சமிருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் துடைத்து, புதிய பை ஒட்டி, பிடித்த சட்டையை அணிவித்துக் கொடுக்கிறார்கள். தாய் விரும்பினால் அவளும் கூடச் செய்யலாம். இனி அந்தத் தோல் வேகப்போவதில்லை என்று தெரிந்தும், அதே நிதானத்தோடு ஒற்றித் துடைக்கும் செவிலியரிடம், பலனை எதிர்பாராத செயல் என்றால் என்ன என்று கேட்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்டவர்களுக்கும் மனம் கனக்கும். அடுத்த கட்டிலில் அடுத்த குழந்தை காத்திருக்கும். அவர்கள் கல்லாகிவிடாமலும் கரைந்துவிடாமலும் இருக்க, துணை வேண்டும். அழுது முடிக்க ஒரு இடமும், கூடப் பணிசெய்பவர்களோடு அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேச ஒரு நேரமும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். கண்ணீர் அவர்கள் திறமைக்குக் குறைவில்லை.

இந்தப் பொறுப்பு செவிலியருடையது மட்டும் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், அண்டை அயலார் தொண்டர்களாகச் சேர்ந்ததால்தான் கேரளமெங்கும் வேரூன்றியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு தேடிவரும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் இருக்கிறது. செவிலியர் வந்துபோகும் நேரம் சிறிது; மற்ற நேரமெல்லாம் அந்த வீடு நம் தெருவில்தான் இருக்கிறது. அங்கே போகும்போது மூக்கைச் சுளிக்காமல் கட்டிலருகே உட்காரலாம். பிள்ளையிடம் நோயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசலாம். பை வாங்கும் செலவில் ஒரு பங்கை, கொடுத்தது தெரியாமல் கொடுக்கலாம். அந்தப் பிள்ளையோடு படித்தவர்களைக் கூட்டிச் செல்லலாம். அந்தத் தாயிடம், “நீ கொஞ்சம் படும்மா, நான் பாத்துக்கறேன்” என்று சொல்லலாம். அவள் நம்மை நம்பி ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தால், அன்றைய வழிபாட்டை நாம் குறைவின்றிச் செய்துவிட்டோம்.